நீக்கல் பிரிவில் என் அண்ணி

என் அண்ணி என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அண்ணன் பேச்சை முடித்துவிடுவான். அதற்கு மேல் அவனுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அண்ணியை ஏற்றிக்கொண்டு போய் அலுவலகத்தில் விடுவேன். சாயங்காலம் பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு அவரைத் திரும்ப ஏற்றிக்கொள்வேன். வீட்டில் டிவி அலறிக்கொண்டிருக்கும். அண்ணி வாய் திறந்து பேசுவதற்கு இருந்த ஒரே இடம் என் வேன்தான்.

அண்ணனை அவன் என்கிறேன், அண்ணியை அவர் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவரவர் சம்பாதித்துக்கொண்ட மரியாதை அது.

ஊரில் எல்லார் கையிலும் இருக்கிற செய்திச் செயலி ஒன்று உண்டல்லவா, அதற்குத்தான் அண்ணி வேலை பார்த்தார். அதில் யாராவது எதையாவது போட்டு, இன்னொருவர் அது தப்பு என்று புகார் செய்தால், அந்தப் பதிவைப் பார்த்து வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்ய ஆட்கள் வேண்டும். செயலியை நடத்துகிற கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது. அவர்கள் கையில் அழுக்குப் படக் கூடாது. அதனால் இங்கே ஒரு ஒப்பந்தக்காரன் தலையில் அந்த வேலையைக் கட்டியிருந்தார்கள். மெத்தைக் கடைக்கு மேலே முழு மாடி. வாசலிலேயே ஃபோனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உள்ளே வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற அளவுக்கு ஏசி. ஓய்வறையில் ஒரு நீலச் சோபா, அதற்கு மேலே "உங்கள் மனநலமே எங்கள் அக்கறை" என்று ஒரு போஸ்டர். கழுத்தை அறுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து போஸ்டரை வெறித்துப் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனியின் அக்கறை அதோடு சரி.

அண்ணி அதைக் குப்பை பொறுக்குகிற வேலை என்பார். ஆனாலும் ஆரம்பத்தில் அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. மோசடிக்காரன், ஆபாசப் படம் விற்கிறவன், காதலித்தவள் பேசாமல் போனதும் அவள் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புகிற பொறுக்கி, இவன்களுடைய சரக்கை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பெண்ணின் படத்தை எடுத்த நாளில் வேனில் ஏறும்போதே முகம் தெளிவாக இருக்கும்.

அந்தப் பிரிவில் ஒரு விதி. ஒரு பதிவை ஒருவர் தனியாக நீக்கிவிட முடியாது. முதல் ஆள் திறந்து பார்த்து "நீக்கு" என்று அழுத்த வேண்டும். உடனே அது அவருடைய ஜோடி ஆளின் திரைக்குப் போகும். அவரும் பார்த்துவிட்டு "ஒத்துக்கொள்கிறேன்" என்று அழுத்தினால்தான் பதிவு போகும். ஒத்துக்கொள்ளாவிட்டால் விவகாரம் மேலாளரிடம் போகும், இரண்டு பேரும் விளக்கம் எழுத வேண்டும், மேலாளர் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எழுதி வைத்த வரைக்கும் நல்ல விதிதான். நடப்பில் என்ன ஆயிற்று என்றால், ஜோடி அனுப்பியதை ஜோடி திறந்தே பார்ப்பதில்லை. திரையில் வந்து விழுந்ததும் ஒத்துக்கொண்டுவிடுவது. மாடி முழுக்க அதுதான் வழக்கம். திறந்து பார்த்தால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்வார்களாம்.

அண்ணிக்கு வாய்த்த ஜோடி எந்நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். ஏசி ஒத்துக்கொள்ளாது. அண்ணி அவரைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவார். பங்காளி என்றால் சண்டை போட்டாக வேண்டுமே அண்ணி என்று நான் சீண்டுவேன். இவருக்குத் தும்மவே நேரம் போதவில்லை, சண்டைக்கு எங்கே போவது என்பார்.

அப்புறம் போர் வந்தது.

அது எல்லையில் நடந்தது. எங்கள் வீட்டில் அண்ணன் அதை டிவி முன்னால் உட்கார்ந்து நடத்தினான். தெரு நாயைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிறவன், எதிரியின் தலைநகரத்துக்குள் எந்தப் பக்கமாக நுழையலாம் என்று யோசனை சொன்னான். செயலியில் அவன் முகம் இருந்த இடத்தில் கொடி வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு முகம் போய்க் கொடி முளைத்தது. கொடி வைக்காதவர்களைக் கொடி வைத்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். என் வேனில் வருகிற பிள்ளையின் அப்பா ஒருவர், உங்க ஃபோன்ல ஏன் இன்னும் பூ படம் இருக்கு என்று என்னைக் கேட்டார். பூ நம் நாட்டில்தான் சார் பூத்தது என்றேன். மறுவாரம் அந்தப் பிள்ளை வேறு வேனில் போனது.

அரசாங்கம் செயலிக் கம்பெனியைக் கூப்பிட்டது. நாங்கள் சொல்வதையெல்லாம் எடுக்கிறாயா, இல்லை நாடு முழுக்க உன்னை முடக்கிவிடட்டுமா என்று கேட்டது. கம்பெனி உலகத்துக்கு ஓர் அறிக்கை விட்டது. மக்கள் குரலுக்கு நாங்கள் காவல், எந்த நெருக்கடிக்கும் தலை வணங்க மாட்டோம் என்று அதில் இருந்தது. அறிக்கையின் சூடு ஆறுவதற்குள் மெத்தைக் கடை மாடிக்கு ஒரு புது நாற்காலி வந்து இறங்கியது. அதில் உட்கார அமைச்சகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். இவர் நம்ம விருந்தாளி என்று மேலாளர் பல்லைக் காட்டி அறிமுகம் செய்து வைத்ததால், அவருக்கு விருந்தாளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் சத்தம் போட மாட்டார், யாரையும் அதட்ட மாட்டார். சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருப்பார். வெட்டிய துண்டுகள் கம்பளத்தில் கிடக்கும். மேலாளர் அவற்றை மிதித்துக்கொண்டே போய் அவருக்குக் காபி கொடுப்பார்.

புது விதி இதுதான்: எதிரியிடம் பிடிபட்ட நம் பையன்களைப் பற்றி எதுவும் செயலியில் இருக்கக் கூடாது. ஏன் என்றால் நம் பக்கத்தில் ஒருவர்கூடப் பிடிபடவில்லை என்று அமைச்சர் சொல்லியிருந்தார். எதிரியோ, தான் பிடித்த பையன்களை வரிசையாக நிறுத்தி, பேச வைத்து, வீடியோ எடுத்து அதே செயலியில் சேனல் திறந்து போட்டான். கையைக் கட்டி வைத்தவனைக் கேமரா முன்னால் பேசச் சொல்வது ஒரு கேவலம். அப்படி ஒரு பையனே எங்களிடம் இல்லை என்று சொந்த நாடே சொல்வது அதைவிடப் பெரிய கேவலம். இரண்டு கேவலத்துக்கும் நடுவில் அண்ணி உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். நாட்டுக்கு இக்கட்டான நேரத்தில் ஆளாளுக்கு இடம் மாற்றிக் கேட்டால் எப்படி என்று மேலாளர் கேட்டாராம். அவர் நாட்டுக்காகச் செய்தது விருந்தாளிக்குக் காபி சுமந்தது மட்டும்.

அண்ணியின் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில், பயணிகள் பையை வைத்துவிட்டுப் போகிற அறையில் அவருக்கு வேலை. அண்ணியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான், அதனால் அவர் பேச்சுக்கு அண்ணி மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு ஒரே பையன், பட்டாளத்தில் இருந்தான். தெத்துப்பல் இருந்ததால் எங்கள் வீட்டில் அவனுக்குத் தெத்து என்று பெயர். விடுமுறையில் வந்தால் நேராக என் வேனில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து கூச்சல் போட்டுக்கொண்டு வருவான். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டாலும் தோளில் கை போட்டுத்தான் பேசுவான்.

போர் தொடங்கிக் கொஞ்ச நாள் பேசினான். அப்புறம் அவனிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அக்கா பட்டாள அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். போகும்போதெல்லாம், உங்கள் மகன் பணியில் இருக்கிறார் என்ற ஒரே பதில். இதே பதிலை வாங்கிக்கொள்ள வெளியூர்களிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் பையை வைத்துவிட்டுப் போகிற இடம் அக்காவின் அறை. பையைத் திருப்பி வாங்க வரும்போது அந்த முகங்களைப் பார்த்தாலே அக்காவுக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் செயலியில் அந்தக் குழு உண்டானது. பயத்தில் யாரும் பேர் சொல்லிக்கொள்ளவில்லை. தொலைந்த பையனுக்கு என்ன அடையாளமோ அதையே அம்மாவுக்குப் பேராக வைத்துக்கொண்டார்கள். புருவத் தழும்பு அம்மா, திக்குவாய் அம்மா, ஆறுவிரல் அம்மா. எங்கள் அக்கா, தெத்துப்பல் அம்மா. எங்கேயாவது ஒரு வீடியோ கண்ணில் பட்டால் அதில் யார் இருக்கிறார்கள் என்று அந்தக் குழுவில் போடுவார்கள். அதை நம்பித்தான் அந்தப் பெண்கள் பொழுதை ஓட்டினார்கள்.

நீ அங்கேதானே இருக்கிறாய், என் பையன் கண்ணில் பட்டால் எனக்குச் சொல் என்று அக்கா அண்ணியிடம் கேட்டார். அண்ணி சரி என்றார். தன் அக்கா மகன் போர்முனையில் இருக்கிறான் என்பது அலுவலகத்துக்குத் தெரிந்தால் அன்றைக்கே அந்தப் பிரிவிலிருந்து தூக்கிவிடுவார்கள், அப்புறம் தேட முடியாது. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, பங்காளியிடம்கூட. தன் திரைக்கு வருகிற வீடியோ ஒவ்வொன்றையும் கடைசி வரைக்கும் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு பையனின் வாயையும் பார்ப்பாராம், பல் தெரிகிறதா என்று. இதனால் வேலை மந்தமானது, மேலாளர் முணுமுணுத்தார். அந்த நேரத்தை எங்கே ஈடு கட்டுவது? பங்காளி அனுப்புவதை முன்னைவிட வேகமாக ஒத்துக்கொண்டு ஈடு கட்டினார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அக்கா மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். கையில் ஃபோன். முந்தின நாள் ஆறுவிரல் அம்மா எங்கேயோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது எதிரி சேனலில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. வேறு வழி தெரியாமல், பக்கத்தில் இருந்தவளின் ஃபோனை வாங்கித் தன் ஃபோன் திரையைப் படம் பிடித்திருக்கிறார். பிடித்து முடிப்பதற்குள் வீடியோவே மறைந்துவிட்டது. அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, தெத்துப்பல் அம்மா, இது உங்க பையனா பாருங்க, ஏதோ சொல்ல ஆரம்பிச்சான், அதுக்குள்ள போயிடுச்சு என்று எழுதியிருந்தார்.

தெத்துதான். கன்னம் ஒட்டி, தலை மொட்டை. வாய் பாதி திறந்திருந்தது. பல் தெரிந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டினார். அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதெல்லாம் எதிரி கம்ப்யூட்டரில் செய்கிற வேலை, நம்பாதீர்கள் என்றான். தூக்கி வளர்க்காவிட்டாலும் தோளில் சுமந்த பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னான். அதற்குப் பிறகு அவனோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை, இன்றுவரை பிடிக்கவில்லை.

அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் என்ன சொன்னான்னு மட்டும் தெரிஞ்சா போதும்டி. எனக்குத்தான் ஏதோ சொல்லியிருக்கான்."

மறுநாள் சாயங்காலம் வேனில் ஏறிய அண்ணி கதவைச் சாத்தவே மறந்துவிட்டார். நான் இறங்கி வந்து சாத்தினேன். நீக்கியவை எல்லாம் கொஞ்ச காலம் ஒரு கிடங்கில் கிடக்குமாம். அதில் அந்த வீடியோவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். திறக்க அனுமதி இல்லை, ஆனால் யார் நீக்கியது என்று மட்டும் தெரிந்தது. முதலில் பங்காளி. இரண்டாவது இவர்.

"நான்தான் எடுத்திருக்கேன்" என்றார் அண்ணி. "திறந்துகூடப் பாக்கல. வந்துச்சு, அமுக்கிட்டேன்."

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒப்புக்கு ஏதோ சொன்னேன். அண்ணி பங்காளியிடம் போய்க் கேட்டிருக்கிறார், அந்தப் பையன் என்ன பேசினான் என்று. பங்காளி பாவம், அழுதுவிட்டாராம். எல்லாப் பையனும் ஒரே மாதிரி இருக்கிறான்கள், கேட்டதை மனதில் வைத்துக்கொண்டால் மறுநாள் இங்கே வந்து உட்கார முடியாது என்று சொன்னாராம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவன் பேச்சை இன்னொருவன் கேட்டு உடனே மறந்தாக வேண்டும் என்று ஒரு வேலையை உண்டாக்கி வைத்தவன்கள் இருக்கிறான்களே, அவன்கள் வெளிநாட்டில் மேடை ஏறிப் பேச்சு சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்கள்.

அண்ணி மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு தடவை திறந்து காட்டச் சொன்னார். உணர்ச்சிவசப்படாதீர்கள், வேண்டுமானால் நீலச் சோபாவில் கொஞ்சம் உட்காருங்கள் என்று மழுப்பிவிட்டு, மேலாளர் நேராக விருந்தாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். விருந்தாளி அண்ணியைக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அக்காவின் வேலை, குழு, அதில் எத்தனை பேர் என்பதுவரை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"உங்க அக்கா அந்தக் குழுவை மூடிட்டா போதும். அவங்களாவே மூடணும், நாங்க மூடின மாதிரி இருக்கக் கூடாது. வீடியோவை நான் காட்டுறேன். தாய் மனசு எனக்குப் புரியாதா?"

தாய் மனசு என்ற வார்த்தை அந்த வாயில் வந்ததை அண்ணி என்னிடம் சொன்னபோது, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உலுக்கவில்லை. சிக்னல் விழுந்தது, வண்டியை எடுத்தேன். நாங்களெல்லாம் இவ்வளவுதான்.

அண்ணி அக்காவிடம் போய்ச் சொன்னார். தான் அந்த வீடியோவை எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, வேண்டாம் அக்கா, அந்தப் பெண்களுக்கு வேறு போக்கிடம் ஏது என்று கெஞ்சினார். அக்கா பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், நீ அவனைப் பெற்றாயா என்று ஒரே கேள்வி கேட்டார். குழுவை மூடிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களையெல்லாம் சொல்லி முடித்த பிறகு நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நான்தான் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். மாடிக்கு நானும் ஏறினேன். வரட்டும் வரட்டும், எல்லாம் ஒரே குடும்பம்தானே என்றார் விருந்தாளி. சின்ன அறை, கண்ணாடிக் கதவு, மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். வாசலில் வாங்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்த அக்காவின் ஃபோனை, விருந்தாளி முதலில் கை நீட்டிக் கேட்டார். அக்கா ஒரே ஒரு வரி எழுதிக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் அம்மா, எழுதினால் கேள்வி வரும், பேசாமல் மூடுங்கள் என்றார். அக்கா மூடினார். மூடிய ஃபோனை அவர் வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் ஏதேதோ தட்டினார். அதிலிருந்த அந்தப் பெண்களின் எண்கள், பேசிய பேச்சு, அனுப்பிய படம் எல்லாம் போயிற்று. சுத்தமாக இருப்பது உங்களுக்குத்தான் நல்லது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தெத்துவின் அந்த ஒரு படமும் அதோடு போயிற்று.

அப்புறம் வீடியோவைப் போட்டார்.

ஏதோ கொட்டகை மாதிரி இடம். பையன்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். கேமரா தெத்துவிடமிருந்துதான் தொடங்கியது. அவன் வாயைத் திறந்தான், பேசினான், நடுவில் எச்சில் விழுங்கினான், மறுபடியும் பேசினான். ஒரு சத்தமும் வரவில்லை. அக்கா கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

"சத்தம் வரலையே."

"சத்தத்துக்கு அனுமதி இல்லம்மா" என்றார் விருந்தாளி. "காட்டுறேன்னுதானே சொன்னேன்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். சிரிப்பு இல்லை, வன்மம் இல்லை, ஒன்றும் இல்லை. நகம் வெட்டும்போது இருக்குமே, அதே நிதானம். மனிதன் இவ்வளவு அருவருப்பாக இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று யாரோடோ தலையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

கேமரா தெத்துவை விட்டு நகர்ந்து அடுத்த பையனிடம் போனது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணியிடம் கேட்டார், நீ இங்கேதானே வேலை பார்க்கிறாய், இதை எடுத்தவர்கள் யாராவது கேட்டிருப்பார்களே, விசாரித்துச் சொல்லேன் என்று.

அண்ணி சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் யாருக்கும் வாயைத் திறக்கிற எண்ணம் இல்லை. விருந்தாளியும் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அதில் லாபம் இல்லை.

"நான்தான்க்கா எடுத்தேன். பாக்காமலேயே எடுத்தேன்."

அக்கா திரும்பவில்லை. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடைசிப் பையன் வரைக்கும் பார்த்தார். திரை கறுத்ததும் எழுந்து, விருந்தாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். அந்தக் கும்பிடுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேனில் அக்கா பின்னால் போய்ச் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். அண்ணி முன்னால் என் பக்கத்தில். அக்கா அண்ணியைத் திட்டப் போகிறார், இல்லை இறக்கிவிடச் சொல்லப் போகிறார் என்று நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பேருந்து நிலையம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கடைசியில நின்ன பையன் வெளிச்சத்துக்குக் கையைத் தூக்கி மறைச்சானே. பாத்தியா?"

அண்ணி பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் கண் தெத்துவோடு நின்றுவிட்டது.

"ஆறு விரல் இருந்துச்சு. எனக்குப் படம் அனுப்பினாளே, அவ பையன். அவன் உயிரோட இருக்கான்னு நான் அவளுக்கு இப்ப எதுல சொல்வேன்?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரியாது. அந்தக் குழுவில் யாருக்கும் யார் பேரும் தெரியாது, அதைப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் அப்படி வைத்திருந்தார்கள். அந்த அம்மா அக்காவின் அறையில் பை வைத்தவர்கூட இல்லை, யாரோ சேர்த்துவிட யாரோ சேர்ந்தவர். குழு சொல்லாமல் கொள்ளாமல் மூடியதும் மற்றப் பெண்கள் பயந்து அக்காவின் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்போல. அவர்களிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

அண்ணி மறுநாள் முதல் அந்த மாடிக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டில் குதித்தான், அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் நான் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவரைப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன். அக்காவின் அறையில் பைகளை வாங்கி வைக்கிறார். அக்கா இவரோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசுகிறார். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை இவர் பக்கம் நகர்த்தி வைக்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. போர் இன்னும் முடியவில்லை. யாரும் பிடிபடவில்லை என்று அமைச்சர் போன வாரமும் சொன்னார். செயலிக் கம்பெனிக்கு வெளிநாட்டில் ஏதோ விருது கொடுத்திருக்கிறார்கள்.

பையை வைத்துவிட்டு, பட்டாள அலுவலகம் எந்தப் பக்கம் என்று கேட்கிற பெண்கள் இப்போதும் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அண்ணி ஒரே கேள்வியைக் கேட்கிறார், உங்க பையனுக்குக் கையில ஆறு விரலா என்று. சிலர் பயந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலர் இவருக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்துப் பதில் சொல்லாமல் நகர்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் நான் கூப்பிடப் போனபோது ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்ட அண்ணியிடம், இல்லம்மா, அஞ்சுதான் என்றார். போகத் திரும்பியவர் நின்றார். கவுன்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அண்ணியின் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"நீங்க அந்த வீடியோவெல்லாம் பாத்திருக்கீங்களா? எம்பையனுக்கு இந்தக் கன்னத்துல பெரிய மச்சம். அவனைப் பாத்தீங்களா?"

அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்திருப்பேன்மா" என்றார் அண்ணி. "எனக்கு ஞாபகம் இல்ல."